புதுசாக்குவதும் காப்பாற்றுவதும்

ஐம்பது அறுபது வயதான ஒரு கார் கைக்கு வருகிறது. பெயிண்ட் மங்கிப் போயிருக்கிறது. சீட் கிழிந்து பஞ்சு வெளியே தெரிகிறது. இன்ஜின் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. என்ன செய்யலாம்? யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புத்தம் புதுசாக்கிவிட வேண்டியதுதான்!

அமெரிக்காவின் 1960களின் வேகக் கார்களோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவர்களிடம் கேட்டால் பதில் இவ்வளவு சுலபமாக வராது. ஒரு பழைய காரைப் புதுசாக்குவதும் அதைக் காப்பாற்றுவதும் ஒன்றல்ல என்பது அவர்களுக்குத் தெரியும். அதை அவர்கள் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நிறையக் கார்களைக் கெடுத்த பிறகுதான் கற்றுக்கொண்டார்கள்.

முதலில், இந்தக் கார்கள் எவை? ஆங்கிலப் படங்களில் பின் சக்கரங்கள் புகைய, நீண்ட மூக்கோடு பாய்ந்து போகுமே, அவைதான். மசில் கார் என்று பெயர். நடுத்தர அளவு உடம்பு, அதற்குள் பெரிய காருக்கான இன்ஜின். சூத்திரம் அவ்வளவுதான்.

இந்த வகைக்கு வழி திறந்தது ஒரு குறுக்கு வழி. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இன்ஜினை வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகளுக்குக் கட்டுப்பாடு போட்டிருந்தது. அதன் போன்டியாக் பிரிவில் இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய பொறியாளர்களும் டெம்பெஸ்ட் என்ற சாதாரணக் காரில் 389 கன அங்குல இன்ஜினை இறக்கிப் பார்த்தார்கள். 6.4 லிட்டர்! புது மாடல் என்று சொன்னால் தலைமையிடம் அனுமதி வாங்க வேண்டும். அதனால் 'கூடுதல் வசதி' என்று விலைப்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 1964-ம் ஆண்டு மாடலாக வந்த அந்த போன்டியாக் ஜி.டி.ஓ. ஐயாயிரம் விற்றால் போதும் என்று நினைத்தார்கள். விற்றது 32,450. அதன் பிறகு கட்டுப்பாட்டைப் பற்றி யார் பேசுவார்கள்?

செவர்லே, ஃபோர்டு, பிளிமத், டாட்ஜ் எல்லாம் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கின. 1970-ல் உச்சம். அந்த வருடம் செவர்லே செவெல் எஸ்.எஸ். காரில் வந்த 454 கன அங்குல எல்.எஸ்.6 இன்ஜினின் திறன் 450 குதிரைத்திறன் என்று அறிவித்தார்கள். உச்சிக்குப் பிறகு சரிவு வேகமாக வந்தது. இளைஞர்கள் இந்தக் கார்களை வாங்கினால் இன்சூரன்ஸ் கட்டி மாளாது என்ற நிலை. புகை மாசுச் சட்டங்கள் இறுகின. 1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் இன்ஜின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தது. 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்து மிச்சமிருந்த ஆசையையும் முடித்துவைத்தது. ஆக மொத்தம் ஒன்பது பத்து வருடக் கூத்து.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கார்கள் நீண்ட நாள் நிலைக்க வேண்டும் என்று செய்யப்பட்டவை அல்ல. அந்தக் காலத்து அமெரிக்கக் கார்கள் பெரும்பாலானவற்றில் ஓடோமீட்டரில் மைல் காட்ட ஐந்தே இலக்கங்கள். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம்! ஒரு லட்சம் மைலுக்கு மேல் எதற்கு என்று நினைத்திருப்பார்கள் போலும். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு இவை மலிவான பழைய கார்களாகி, பள்ளி முடித்த பையன்களின் கைக்குப் போயின. பந்தயம் விட்டார்கள், மரத்தில் மோதினார்கள், இன்ஜினைக் கழற்றி வேறு வண்டியில் போட்டார்கள். மிச்சத்தை உப்பு தின்றது. பனிக்காலத்தில் வட மாநிலங்களின் சாலைகளில் பனி உருகுவதற்காக உப்பு தூவுவார்கள். இரும்புக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை.

அப்படியும் தப்பிப் பிழைத்தவைதான் இன்று பட்டறைக்கு வருகின்றன. விலையைக் கேட்டால் தலை சுற்றும். 1971-ல் ஹெமி இன்ஜினோடு வந்த திறந்த மேல் பிளிமத் குடா கார்கள் ஒரு டஜன் அளவே செய்யப்பட்டன. அவற்றில் ஒன்று 2014-ல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது.

இனி பட்டறைக்குள் போகலாம். பழுதுபார்ப்பவர் முதலில் பார்ப்பது இன்ஜினை அல்ல, தகரத்தை. இன்ஜினை எப்படியும் சரிசெய்துவிடலாம். துரு ஏறிய உடம்பைச் சரிசெய்வதுதான் பணத்தையும் பொறுமையையும் குடிக்கும். கையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். அதைக் கதவின் கீழ்ப்பக்கம், பின் சக்கரத்தின் மேல் வளைவு, டிக்கியின் தரை என்று வைத்துப் பார்ப்பார். காந்தம் ஒட்டாமல் வழுக்கினால் அங்கே இரும்பு இல்லை, பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பளபளக்கும் பெயிண்டுக்குப் பின்னால் கை நுழையும் அளவுக்கு ஓட்டை இருப்பது சர்வ சாதாரணம்.

1960களின் ஃபோர்டு மஸ்டாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே வருவதற்காக ஒரு மூடிய பெட்டி போன்ற பகுதி இருக்கும். மழைநீர் அதில் இறங்கிப் பக்கவாட்டில் வெளியேற வேண்டும். உள்ளே சரியாகப் பெயிண்ட் கிடையாது. சருகு விழுந்து அடைத்துக்கொண்டால் நீர் தேங்கும், துரு பிடிக்கும். ஒரு நாள் மழையில் ஓட்டும்போது டிரைவரின் கால் மேல் தண்ணீர் சொட்டும். அதைச் சரிசெய்ய முன்பக்கத்தையே பிரிக்க வேண்டும், பல டஜன் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளைத் துளைத்து எடுக்க வேண்டும். முன்பு யாரோ ஒருவர் வருடத்துக்கு ஒருமுறை சருகை அள்ளிப் போட்டிருந்தால் இந்த வேலையே வந்திருக்காது. பராமரிப்பு என்பது பெரும்பாலும் இப்படித்தான், யார் கண்ணிலும் படாத வேலை.

இன்று மஸ்டாங், கமாரோ போன்ற கார்களுக்கு எந்தத் தகடும் புதிதாகக் கிடைக்கிறது. கதவு, மட்கார்டு, தரைத்தகடு எல்லாம் உண்டு. முழு உடம்பையே புதிதாக அடித்து விற்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. வசதிதான். ஆனால் தரையை மாற்றி, பக்கங்களை மாற்றி, இன்ஜினை மாற்றி, உள்ளே சீட்டு முதல் ஸ்டியரிங் வரை மாற்றிய பிறகு நிற்கிற கார் எது? 1968-ல் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த கார்தானா, அல்லது அதன் நம்பரை மட்டும் சுமக்கும் இன்னொரு காரா?

நம்பர் என்றதும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு காருக்கும் தொழிற்சாலை ஓர் அடையாள எண் கொடுக்கும். ஃபோர்டு எண் தெளிவானது. '8ஆர்02எஸ்' என்று தொடங்கினால் 1968 மாடல், கலிஃபோர்னியாவின் சான் ஹோசே தொழிற்சாலை, ஃபாஸ்ட்பேக் உடம்பு, 390 கன அங்குல ஜி.டி. இன்ஜின் என்று படித்துவிடலாம். செவர்லேயில் அந்த வசதி இல்லை. 1972-க்கு முந்தைய எண்ணில் ஆறு சிலிண்டரா, வி8-ஆ என்பதுதான் தெரியும். எந்த வி8 என்பது தெரியாது. 1964, 1965 ஜி.டி.ஓ.க்களும் அப்படித்தான். எண்ணைப் பார்த்தால் சாதாரண லெமான்ஸ் கார் போலவே இருக்கும். சாதாரணக் காரை வாங்கிச் சின்னங்களை ஒட்டி, விலை உயர்ந்த கார் என்று விற்பவர்களுக்கு இது நல்ல வசதி!

அதனால் இன்ஜினில் அடித்திருக்கும் எண்கள் முக்கியமாகிவிட்டன. செவர்லே வி8-ல் வலது பக்க ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் ஒரு தட்டையான சின்ன இடம் உண்டு. இன்ஜின் எந்த நாளில் சேர்க்கப்பட்டது, எந்த வகை என்பதும், பிந்தைய வருடங்களில் காரின் எண்ணின் ஒரு பகுதியும் அதில் அடிக்கப்பட்டிருக்கும். காரும் இன்ஜினும் ஒத்துப்போனால் மதிப்பே வேறு.

சிக்கல் எங்கே வருகிறது? இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்கும்போது ஹெட் சரியாக உட்கார வேண்டும் என்பதற்காக பிளாக்கின் மேல்தளத்தை மெஷினில் சீவிச் சமன் செய்வார்கள். நல்ல மெக்கானிக் செய்கிற நல்ல வேலைதான் அது. ஆனால் அந்த எண் இருக்கும் இடமும் அதே தளத்தின் தொடர்ச்சி. ஒரு மில்லிமீட்டர் கூடச் சீவ வேண்டியதில்லை, எண்கள் போய்விடும். தொழிற்சாலையில் அந்தத் தளத்தை இழைத்தபோது விழுந்த மெல்லிய கோடுகளும் கூடவே போய்விடும். எண்ணைப் பிற்பாடு திருப்பி அடித்தார்களா என்று நிபுணர்கள் கண்டுபிடிப்பதே அந்தக் கோடுகளை வைத்துத்தான். இன்ஜின் முன்னைவிட நன்றாக ஓடும். ஆனால் அது யார் என்பதற்குச் சாட்சி இருக்காது. பழைய கோவில் கல்வெட்டின் மேல் அக்கறையோடு வெள்ளையடித்தது போலத்தான். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, போனது திரும்ப வராது, அவ்வளவுதான்.

இன்னொரு சாட்சி காகிதம். கார் தொழிற்சாலை வரிசையில் நகரும்போது எந்த இன்ஜின், எந்த நிற சீட், எந்த ரேடியோ என்று குறித்த தாள் கூடவே போகும். வேலை முடிந்ததும் தொழிலாளி அதை சீட்டின் ஸ்பிரிங்குக்குள் செருகிவிடுவார், அல்லது பெட்ரோல் டேங்கின் மேல் கிடக்க விட்டுவிடுவார். அவருக்கு அது குப்பை. ஐம்பது வருடம் கழித்து அந்த மக்கிய தாள்தான் காரின் பிறப்புச் சான்றிதழ். பழைய சீட் கவரை 'கிழிந்துபோனதுதானே' என்று அவசரமாகக் கிழித்தெறிபவர் அதையும் சேர்த்து எறிந்துவிடுகிறார்.

1980, 90களில் புதுசாக்கும் ஆர்வம் அளவுக்கு மீறிப் போனது. காரின் உடம்பை இரு முனையிலும் பிடித்துச் சுழற்றும் சட்டத்தில் மாட்டி, அடிப்பாகம் முதல் கூரை வரை சுரண்டி, கண்ணாடி போலப் பெயிண்ட் அடிப்பார்கள். பார்க்க அழகு. ஆனால் அந்தக் கார் ஷோரூமிலிருந்து முதல் நாள் வந்தபோது அப்படி இல்லவே இல்லை! தொழிற்சாலையில் கதவு இடுக்குகள் ஒரே அளவில் இருக்காது. பெயிண்டில் ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பு இருக்கும். அடிப்பாகத்தில் பெயிண்ட் புகை அங்கங்கே படிந்திருக்கும். சரிபார்த்தவர்கள் சாக்பீஸாலும் கிரேயானாலும் கிறுக்கி வைத்திருப்பார்கள்.

பிற்பாடுதான் இது பலருக்கு உறைத்தது. பிறகு வேடிக்கை எதிர்ப்பக்கம் போனது. கண்காட்சிகளில் பரிசு வாங்க வேண்டும் என்று அந்தச் சாக்பீஸ் குறிகளையும் பெயிண்ட் வழிசலையும் பார்த்துப் பார்த்து வரையத் தொடங்கினார்கள். எங்கே எந்த நிறத்தில் கிறுக்கியிருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள எதைப் பார்ப்பது? யாரும் கை வைக்காத கார்களைத்தான். சோம்பேறித்தனத்தாலோ, காசில்லாமையாலோ, பாசத்தாலோ அப்படியே விட்டுவைக்கப்பட்ட கார்கள்தான் மற்ற எல்லாக் கார்களுக்கும் பாடப்புத்தகம் ஆயின. ஒரு காரை எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். பழையபடி இருப்பது ஒரே ஒரு முறைதான்.

அப்படியென்றால் ஒன்றுமே செய்யாமல் மூடி வைத்துவிடலாமா? அதுவும் ஆகாது. ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் அதைச் செய்து பார்த்தார்கள். 1957-ல், மாநிலத்தின் பொன்விழாவை ஒட்டி, ஒரு புத்தம் புதிய பிளிமத் பெல்வெடியர் காரை நீதிமன்றத்துக்கு அருகே கான்கிரீட் பெட்டகத்தில் புதைத்தார்கள். ஐம்பது வருடம் கழித்துத் தோண்டி எடுப்பது என்று திட்டம். 2007-ல் பெட்ரோல் கிடைக்குமோ என்னவோ என்று பெட்ரோலும் ஆயிலும் கூடவே வைத்தார்கள்! ஜூன் 2007-ல் ஊரே கூடி நிற்க வெளியே எடுத்தபோது, பெட்டகத்துக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. அத்தனை வருடம் நீரில் ஊறிய கார் சேறும் துருவுமாக வந்தது. எவ்வளவு சுத்தம் செய்தும் ஓட்ட முடியாத ஒரு கூடுதான் மிஞ்சியது. பூட்டி வைத்தவர்கள் அக்கறையோடுதான் பூட்டினார்கள். இடையில் ஐம்பது வருடம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, அதுதான் குறை.

நிலத்தடியில் அல்ல, நல்ல கொட்டகையிலேயே நிறுத்தி வைத்தாலும் கார் சாகத்தான் செய்யும், மெதுவாக. இன்றைய அமெரிக்கப் பெட்ரோலில் பெரும்பாலும் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், கார்புரேட்டரின் உட்பகுதிகளை அரிக்கும், அந்தக் காலத்து ரப்பர் குழாய்களை மென்மையாக்கி விரிசல் விட வைக்கும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றுவது முதல் வேலை.

பெட்ரோலில் அன்று ஈயம் இருந்தது. இன்ஜினில் 'தட்டல்' வராமல் தடுத்ததோடு, எக்ஸாஸ்ட் வால்வும் அது உட்காரும் இடமும் ஒன்றையொன்று தேய்க்காமலும் அது காத்தது. ஈயம் மனிதனுக்கு நஞ்சு என்பதால் படிப்படியாகக் குறைத்து, 1996 முதல் சாலை வாகனங்களுக்கான பெட்ரோலில் முழுவதும் தடை செய்தார்கள். மிக நியாயமான தடை. பழைய இன்ஜினைப் பிரிக்கும்போது வால்வு உட்காருமிடத்தில் கடினமான இரும்பு வளையம் பொருத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

ஆயிலிலும் இதே கதை. இந்த இன்ஜின்களில் கேம் ஷாஃப்ட்டின் மேல் டேப்பட் உருளாமல் உரசிக்கொண்டே ஓடும். அந்த உரசலைத் தாங்க ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு ரசாயனம் தேவை. பாஸ்பரஸ் புதுக் கார்களின் புகை வடிகட்டும் கருவியைக் கெடுக்கிறது என்று 2004-ல் வந்த தரநிர்ணயத்தில் வழக்கமான ஆயில்களில் அதன் அளவை 0.08 சதவீதத்துக்குள் நிறுத்தினார்கள். விலை உயர்ந்த புது ஆயில்தானே என்று நம்பி ஊற்றினால், புதிதாகப் பொருத்திய கேம் ஷாஃப்ட் சீக்கிரமே தேய்ந்துபோகலாம். பழைய கார்களுக்கென்றே தனி ஆயில் கேட்டு வாங்க வேண்டும். புது கேம் ஷாஃப்ட் போட்டால் முதல் இருபது முப்பது நிமிடம் இன்ஜினை 2,000 சுற்றுக்குக் குறையாமல் ஓட்டிப் பழக்க வேண்டும். ஐடிலில் விட்டால், ஆயில் சரியாகப் படாமல், போட்ட அன்றே தேய்மானம் தொடங்கிவிடும்.

பிரேக் விஷயத்தில் பழமை பேசவே கூடாது. 1967-க்கு முந்தைய அமெரிக்கக் கார்கள் பெரும்பாலானவற்றில் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறைதான். எங்கேயாவது ஓர் இடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. 300 குதிரைத்திறனுக்கு மேல் இழுக்கும் காரில்! இரட்டை அறை சிலிண்டருக்கு மாற்றுவதை விவரம் தெரிந்த யாரும் குறை சொல்வதில்லை. ஒரே நிபந்தனை, கழற்றிய பழைய சிலிண்டரைத் தூக்கி எறியாமல் துடைத்து, பெயர் எழுதி, பெட்டியில் வைக்க வேண்டும். டயரும் அப்படித்தான். பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். 2000 முதல் அமெரிக்காவில் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்களில் வாரமும் வருடமும் இருக்கும். அதைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

ஆக, எதை மாற்றலாம், எதை விட வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. உயிரைக் காப்பது, காரை ஓட வைப்பது, துரு பரவாமல் நிறுத்துவது, இந்த மூன்றுக்கும் கை வைத்தே ஆக வேண்டும். திரும்பவும் பழையபடி மாற்ற முடிகிற வேலை என்றால் தைரியமாகச் செய்யலாம். வெறும் அழகுக்காக, திரும்பி வர முடியாத ஒன்றைச் செய்வதற்கு முன்னால்தான் ஒரு நாள் யோசிக்க வேண்டும். ஏற்கனவே பாதி அழுகி, பலமுறை பெயிண்ட் அடிபட்ட காருக்கு இந்த யோசனை தேவையில்லை. அதைத் தாராளமாகப் புதுசாக்கலாம், விருப்பப்படி புது இன்ஜின் கூடப் போடலாம். அங்கே இழப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பச்சை மஸ்டாங் சாட்சி. மேலே சொன்ன '8ஆர்02எஸ்' எண்ணில் தொடங்கும் கார்தான் அது. ஸ்டீவ் மெக்வீன் நடித்து 1968-ல் வந்த 'புல்லிட்' படத்தில், சான் பிரான்சிஸ்கோவின் மேடு பள்ளத் தெருக்களில் பறந்த கார். படம் முடிந்ததும் கைமாறி, 1974-ல் நியூ ஜெர்சியில் வசித்த ராபர்ட் கீர்னன் என்பவரிடம் 6,000 டாலருக்கு வந்தது. அவர் மனைவி பள்ளி ஆசிரியை. தினமும் அந்தக் காரில்தான் வேலைக்குப் போய் வந்தார்! 1977-ல் மெக்வீனே காரைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதினார். கீர்னன் கொடுக்கவில்லை. 1980-ல் கிளட்ச் போனது. ஓடோமீட்டரில் அப்போது சுமார் 65,000 மைல். கார் ஓரம் கட்டப்பட்டது.

அப்பாவும் மகன் ஷானும் சேர்ந்து அதைச் சரிசெய்யத் திட்டம் போட்டார்கள். 2001 வாக்கில் கழற்றவும் தொடங்கினார்கள். அப்பாவுக்கு பார்கின்சன் நோய் வந்தது. வேலை நின்றது. 2014-ல் அவர் காலமானார். அதன் பிறகு மகன் காரை மறுபடி பூட்டி ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார். இந்த இடத்தில்தான் அவர் ஒரு முடிவெடுத்தார். மங்கிய பச்சைப் பெயிண்டை அவர் தொடவில்லை. துருப் புள்ளிகளைத் தொடவில்லை. படப்பிடிப்பில் கேமரா பொருத்துவதற்காக அடியில் பற்றவைத்த இரும்புத் துண்டுகள் அப்படியே இருந்தன. இதுதான் படத்தில் ஓடிய கார் என்று நிபுணர்கள் உறுதிசெய்ய அவையும் உதவின. ஒருவேளை 1985-ல் யாராவது அதைச் சுரண்டிப் பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தால்?

2018 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் உலகம் அந்தக் காரைப் பார்த்தது. 2020 ஜனவரி 10 அன்று ஃபுளோரிடாவில் ஏலம் போனது. கட்டணத்தோடு சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலர். அதுவரை எந்த மஸ்டாங்கும் அந்த விலைக்குப் போனதில்லை. எத்தனையோ பளபளக்கும் மஸ்டாங்குகள் இருக்க, கீறலும் மங்கலுமாக நின்ற ஒன்றுக்கு அந்த விலை.

பணத்தை விடுங்கள். அந்த சீட்டில் மெக்வீன் உட்கார்ந்ததும் தெரிகிறது, ஓர் ஆசிரியை பள்ளிக்குப் போய் வந்ததும் தெரிகிறது, ஓர் அப்பாவும் மகனும் முடிக்க முடியாமல் விட்ட வேலையும் தெரிகிறது. புதுசாக்கியிருந்தால் 1968 மட்டும்தான் தெரிந்திருக்கும், அதுவும் போலியாக.

எல்லாக் காரிலும் நடிகர் உட்கார்ந்திருக்க மாட்டார். ஆனால் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். வியட்நாமுக்குப் போகும் முன் சம்பளத்தைச் சேர்த்து வாங்கியவரோ, தொழிற்சாலையில் தானே பூட்டிய காரைத் தானே வாங்கியவரோ. ஆகஸ்ட் மாதத்தில் டெட்ராய்டின் வுட்வர்ட் அவென்யூவில், 1995-ல் தொடங்கிய அணிவகுப்பில், இந்தக் கார்கள் மைல் கணக்கில் ஊர்ந்து போகும்போது நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வயதானவர்கள் எதைப் பார்க்க வருகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? குதிரைத்திறனையா?

பாயின்ட் இடைவெளியைக் கண்ணால் அளந்து, கார்புரேட்டரைக் காதால் டியூன் செய்யும் மெக்கானிக்குகளின் தலைமுறை ஓய்வுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அவர்களிடம் கற்றுக்கொள்ள முன்வரும் இளைஞர்களுக்கு முதலில் கிடைக்கும் வேலை சுவாரஸ்யமாக இருக்காது. கழற்றும் முன் போட்டோ எடு. ஒவ்வொரு போல்ட்டையும் பையில் போட்டுப் பெயர் எழுது. சருகை அள்ளு. பிரேக் ஆயிலை மாற்று. மாதம் ஒருமுறையாவது இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு வா. பெயிண்ட் துப்பாக்கியை எடுப்பதெல்லாம் கடைசியில்தான், தேவைப்பட்டால் மட்டும்.

இந்தக் கார்களில் பலவற்றுக்கு இப்போது ஐந்தாவது ஆறாவது சொந்தக்காரர்கள். அடுத்து வரப்போகிறவர் இன்னும் பிறக்காமல்கூட இருக்கலாம். அவருக்கு ஓடுகிற காராகவும் போய்ச் சேர வேண்டும், உண்மையான காராகவும் போய்ச் சேர வேண்டும். ஸ்பேனரைக் கையில் எடுப்பவர் அவரையும் கொஞ்சம் நினைத்துக்கொண்டால் போதும்.